சாட்சித் தொட்டி

என் மாமாவை எனக்குப் பிடிக்காது. அம்மாவின் கதையைச் சொல்ல உட்கார்ந்துவிட்டு இப்படித் தொடங்குவது முறையில்லைதான். ஆனால் நான் யார் பக்கம் சாய்ந்தே வளர்ந்தவள் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாமா கதவைத் தட்ட மாட்டார், இடிப்பார். அவர் டீ உறிஞ்சுகிற சத்தம் மாடி வீட்டுக்குக் கேட்கும். வாங்கிக்கொண்டு போன ஏணி திரும்பி வராது. கேட்டால், "எந்த ஏணி?" என்பார். அப்பா அவருக்குப் புயல் என்று பெயர் வைத்திருந்தார். "புயல் கரையைக் கடந்துடுச்சா?" என்று அவர் மெதுவாகக் கேட்டால் எனக்குச் சிரிப்பு அடங்காது.

அப்பா அதற்கு நேர் எதிர். மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறவர். யார் எந்தச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாலும் மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே, "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்பார். அந்தக் குரலுக்காகவே நாலு கடை தாண்டி வருகிறவர்கள் உண்டு. வீட்டிலும் அப்படித்தான், கெட்ட செய்தி எதுவும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த நீலப் பூப்போட்ட கப்பை ஒருநாள் கழுவும்போது உடைத்துவிட்டார். அதைச் சொல்ல மனம் வராமல், கடை கடையாக ஏறி இறங்கி அச்சு அசல் அதே மாதிரி ஒன்றை வாங்கி அதே கொக்கியில் மாட்டிவிட்டார். பல மாதம் கழித்துதான் அம்மா, "கைப்பிடிகிட்ட ஒரு கீறல் இருக்குமே, எங்க போச்சு?" என்று கேட்டாள். அப்பா அசடு வழிந்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னோம்.

இனி அம்மா.

அம்மா அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் காகிதம் வெட்டும் மிஷினில் நின்றவள். அந்த வேலையில் ஒரு விரலையோ பாதி விரலையோ விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அம்மா மட்டும் அவ்வப்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "எண்ணிப் பாரு, எல்லாம் சரியா இருக்கா?" என்பாள். கத்தி விஷயத்தில் அவளுக்கு பயமும் கிடையாது, அலட்சியமும் கிடையாது.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், கட்டடங்களுக்கும் மதிலுக்கும் நடுவே, கேட்ட வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு பாத்தி உண்டு. மதிலை ஒட்டி வரிசையாகப் பெரிய மரங்கள். இலையுதிர் காலம் வந்தால் பாத்தி எது, பாதை எது என்று தெரியாமல் சருகு மூடிக் கிடக்கும். முன்பெல்லாம் அதைக் கூட்டி, கறுப்புப் பைகளில் திணித்துக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரத்துக்குக் கடைக்கு ஓடுவார்கள். அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. மூலையில் குவித்துப் பார்த்தாள். வருஷம் திரும்பியும் சருகு சருகாகவே இருந்தது. மேலே ஈரம், நடுவே தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு ஒரே நாற்றம்.

"நனைஞ்ச புத்தகம் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டா உள்ள காத்து எப்படிப் போகும்? வெட்டணும். வெட்டினாதான் மக்கும்" என்றாள்.

சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் யாரோ கைவிட்டுப் போன, சருகு அரைக்கிற மிஷின் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதைப் பிரித்து, கத்திகளை அச்சகத்துக்கு எடுத்துப் போய்ச் சாணை பிடித்து, திரும்ப மாட்டினாள். முதல் நாள் அது போட்ட கூச்சலில் எல்லா ஜன்னலும் திறந்தன. சாயங்காலத்துக்குள் ஆள் உயரச் சருகுக் குவியல் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் எல்லாருக்கும் மிஷின் அக்காதான். அவளைவிட மூத்தவரான பக்கத்து வீட்டு நர்ஸம்மாகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அவள் வேலை செய்கிற விதம் எனக்குப் பார்த்துப் பார்த்து மனப்பாடம். வெயிலில் காய்ந்த சருகுதான் வேண்டும். ஈரச் சருகு போட்டால் மிஷின் வாய் அடைத்துக்கொள்ளும். ஒரு கூடை சருகுக்குப் பின்னால் செடிகளைக் கவாத்து செய்யும்போது வெட்டிய குச்சி ஒரு கைப்பிடி, அடிப்பக்கம் முதலில். ஒட்டியிருக்கிற சருகையெல்லாம் குச்சி தள்ளிக்கொண்டு போய்விடும். கட்டைவிரலைவிடத் தடித்த கிளையை அவள் தொடவே மாட்டாள். உள்ளே தள்ளுவதற்கு ஒரு கட்டை வைத்திருந்தாள். கையால் தள்ளப் போனவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பிறகு அரைத்த சருகு ஓர் அடுக்கு, பச்சைப் புல் ஓர் அடுக்கு, கொஞ்சம் தண்ணீர். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. நாலைந்து நாளில் குவியல் சூடாகி, காலையில் ஆவி விடும். குளிர் முடிந்து விதைக்கிற நேரத்துக்குள் கறுப்பாக, உதிரியாக, மழை மண் வாசனையோடு உரம் தயாராகிவிடும்.

சருகு எங்கள் மரங்களுடையது. புல்லுக்கும் கவாத்துக் குச்சிக்கும் மாமாதான். அவர் ஒரு பெரிய விளையாட்டு மைதானத்தில் தோட்ட வேலை பார்த்தார். வெட்டிய புல்லையும் வேலிச்செடிக் கிளைகளையும் சின்ன வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஹாரனை அழுத்திக்கொண்டே வருவார். இந்த ஒரு காரியத்தில் மட்டும் அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார்.

வெட்டிய புல்லில் ஓர் ஆபத்து உண்டு. மைதானங்களில் களையைக் கொல்ல மருந்து அடிப்பார்கள். புல்லை அது ஒன்றும் செய்யாது, அகன்ற இலைச் செடியைத்தான் சுருட்டும். சில மருந்துகள் புல்லோடு வந்து, குவியலில் வெந்து, மக்கி, உரமான பிறகும் உள்ளே உட்கார்ந்திருக்கும். அதனால் மருந்து அடித்த புல்லைக் கொண்டுவரக் கூடாது என்று மாமாவுக்குக் கண்டிப்பான உத்தரவு. அப்படியும் அம்மா சோதிக்காமல் ஒரு பிடி உரம்கூட யாருக்கும் கொடுக்க மாட்டாள். குவியலில் மூன்று இடத்தில் தோண்டி மூன்று தொட்டி நிரப்புவாள். நாலாவது தொட்டியில், வீட்டில் மூட்டையாக எடுத்துவைத்திருக்கும் போன வருஷத்து உரம். அது நல்லது என்று எல்லார் வீட்டுத் தக்காளியும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே. அதற்குச் சாட்சித் தொட்டி என்று பெயர். நாலிலும் பீன்ஸ் விதைத்து சமையலறை ஜன்னலில் வைப்பாள். கெட்ட மண்ணில் பீன்ஸ் இலை விரியும்போதே சுருண்டுகொள்ளும். மூன்றும் சாட்சிக்குச் சமமாக வளர்ந்தால்தான் அம்மா கீழே போய், "எடுத்துக்கலாம்" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகக் கூடையோடு காத்திருப்பார்கள். யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. அம்மாவுக்குக் கழுத்தில் காதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வார்த்தைதான் அவள் சேர்த்து வைத்திருந்த சொத்து.

அந்த வருஷம் மாமா கொண்டுவந்த கவாத்தில் ஓர் அழகுச் செடியின் குச்சிகள் நிறைய இருந்தன. பட்டை செக்கச்செவேல் என்று இருக்கும். அரைத்துக் கொட்டியபோது சருகுக்கு நடுவே சிவப்புத் துண்டுகள் தெறித்துக் கிடந்தன. "மிளகாய் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு" என்று நர்ஸம்மா சிரித்தார். குளிர் முடிந்து உரத்தைக் கிளறியபோதும் அந்தச் சிவப்பு முழுதாகப் போகவில்லை.

ஜன்னலில் நாலு தொட்டியும் ஏறின. நாலிலும் பீன்ஸ் போட்டி போட்டுக்கொண்டு முளைத்தது. அகலமான, பளபளப்பான இலைகள். அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே போய், "எடுத்துக்கலாம்" என்றாள். அன்றைக்கே குவியல் பாத்திகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

விதைத்தது முளைத்ததும் தெரிந்துவிட்டது. முதலில் நர்ஸம்மாவின் பீன்ஸ், பிறகு அடுத்த பாத்திக்காரரான தையல்காரருடைய தக்காளி நாற்று. நுனி இலைகள் விரியாமல் கிண்ணம்போல் குவிந்து, தண்டு முறுக்கிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு பாத்தியிலும் அதே கதை. அம்மா குனிந்து ஓர் இலையைத் தொட்டாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வந்தபோது எங்கள் கூடத்தில் நர்ஸம்மாவும் தையல்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று மாமா கதவை இடிக்கவில்லை.

"மருந்து அடிச்ச புல்லையாடா கொண்டுவந்து கொட்டின?" அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா உனக்கு?"

மாமா ஒன்றும் புரியாதவர்போல் அவளைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "அத்தான்..." என்று ஆரம்பித்தார்.

அப்பா எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். அம்மாவைப் பார்த்து அந்த மருந்துக்கடைக் குரலில் சொன்னார்: "விடும்மா. தெரியாம நடந்துபோச்சு. அவன் என்ன வேணும்னா பண்ணான்? ஆயிரம்தான் இருந்தாலும் உன் தம்பி. மன்னிச்சு விடு."

மாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளைக் குலுக்கி அதை விலக்கிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாயாடி மனுஷன், ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றம் உள்ளவன் எப்படிப் பேசுவான் என்று நினைத்தேன். தையல்காரர் கிளம்பும்போது, "உங்க வீட்டுக்காரருக்குத் தங்கமான மனசு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவும் மாமாவும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அம்மாவை அரித்தது மாமா இல்லை, ஜன்னல்.

"புல்லு கெட்டதுன்னா தொட்டியில எப்படி இவ்வளவு நல்லா வந்துது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். "நான்தான் தப்பா எடுத்திருப்பேன். புல்லு விழாத இடமாப் பாத்துத் தோண்டியிருப்பேன்." அச்சகத்தில் வெட்டிய காகிதக் கட்டை மறுபடி மறுபடி அளந்து பார்க்க ஆரம்பித்தாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்தாள். கடைசியில் ஒருநாள் மிஷினைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டினாள். கொட்டகைச் சாவியைத் தையல்காரரிடம் கொடுத்து, "வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லுங்க. என் கையை எனக்கே நம்பிக்கை இல்லை" என்றாள். இத்தனைக்கும் யாரும் அவளை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. பாத்திப் பக்கம் அவள் வந்தால் பேச்சை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்றார். ஜன்னலில் இருந்த பீன்ஸ் செடிகளுக்குத் தினமும் அவரே தண்ணீர் ஊற்றினார். கொடிக்குக் குச்சி நட்டு நூல்கூடக் கட்டிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அந்தச் செடிகளைப் பிடுங்கினாள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது என்றாள். மேசையில் செய்தித்தாளை விரித்து முதல் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். மண்ணைக் கையால் பரப்பினாள். குனிந்து கிளறிப் பார்த்தாள். அடுத்த தொட்டியைக் கவிழ்த்தாள். அதற்கடுத்தது. பிறகு சாட்சித் தொட்டி.

"இங்க வா. இதுல சிவப்புக் குச்சி எங்கயாவது இருக்கா பாரு" என்று என்னைக் கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

நான் நாலு குவியலையும் விரலால் கிளறினேன். கறுப்பாக, நைசாக, மாவுபோல் இருந்தது. ஒரு சிவப்புத் துண்டு இல்லை. மருந்துக்குக்கூட இல்லை. நாலு தொட்டியிலும் இருந்தது போன வருஷத்து மூட்டை உரம். நாலும் சாட்சித் தொட்டிகள்.

காலையில் அம்மா வேலைக்குப் போய்விடுவாள், நான் வகுப்புக்குப் போய்விடுவேன். அப்பாவுக்கு மதியத்துக்கு மேல்தான் கடை, தொட்டி மண்ணை மாற்றி விதை போட வேண்டிய நேரம் அவருக்கு மட்டும்தான் இருந்தது. இதை யோசிக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ஆனால் யோசித்ததை நம்ப முடியவில்லை. மண்ணென்றால் அப்பாவுக்கு மண்தான். ஒரு மண்ணிலிருந்து இன்னொரு மண்ணை அடையாளம் காண முடியும் என்பதே அந்த மனுஷனுக்குத் தெரியாது. கப்பில் இருந்த கீறல் தெரியாத மாதிரியேதான் இதுவும்.

அப்பா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். மேசையைப் பார்த்தார். துண்டு கையிலேயே நின்றது.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "தம்பி உங்ககிட்ட சொன்னானா?"

அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "குவியல் போட்டு முடிச்ச அப்புறம் வந்தான். நீ வேலைக்குப் போயிருந்த. மைதானத்துல யாரோ மருந்து அடிச்சிருக்காங்களாம், அவனுக்கே அப்பதான் தெரியுமாம். அக்காகிட்ட சொல்லிடுங்கன்னான்." துண்டை மடிமேல் வைத்து மடித்தார். "நீ அவ்வளவு பாடுபட்டு அரைச்சு வச்சிருந்த. எப்படிச் சொல்றது? மக்கினா எல்லாம் போயிடும்னு நெனச்சேன். அப்புறம் தொட்டியில முளைக்காம போச்சுன்னா நீ ஒடைஞ்சு போயிடுவியேன்னு..."

"என்னை ஒடைஞ்சு போகாம பாத்துக்கிட்டீங்க" என்றாள் அம்மா.

"உன் நல்லதுக்குத்தான்..."

"அவனை நிக்க வச்சு மன்னிச்சீங்களே, அது யார் நல்லதுக்கு?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் வந்த அழுகை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். கத்தி பிடிக்கத் தெரியாத ஒருவர், குரலைக்கூட உயர்த்தாமல், அதைச் செய்துவிட்டு, தினமும் அதற்குத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார். அம்மா தன் கையையே சந்தேகப்பட்டு நாளெல்லாம் செத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்.

அம்மா அழவில்லை. சமையலறைக்குப் போய், கொக்கியில் மாட்டியிருந்த நீலப் பூப்போட்ட கப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதை மாத்தினப்ப சிரிச்சேன் பாருங்க. அன்னைக்கே திட்டியிருக்கணும்" என்றாள்.

அன்று மதியம் ஒவ்வொரு பாத்தியாகப் போனாள், நானும் கூடவே போனேன். "புல்லு கெட்டதுன்னு தெரிஞ்சதும் என் தம்பி வந்து சொல்லியிருக்கான். சேதி என் வீட்டோட நின்னுபோச்சு. தப்பு எங்க வீட்டுது" என்றாள். யாரிடம் நின்றது என்று அவள் சொல்லவில்லை. நர்ஸம்மா எங்கள் ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தையல்காரர் கொட்டகைச் சாவியை எடுத்துவந்து அம்மா கையில் வைத்து மூடினார்.

அங்கிருந்து நேரே மாமா வீடு. மாமா எங்கள் ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் இறங்கினார்.

"ஏண்டா அன்னைக்கே வாயைத் திறக்கல?"

மாமா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்லி, அத்தான் ஒண்ணு சொன்னா, நீ யாரை நம்புவ அக்கா?"

நான் ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும்.

அம்மா அப்பாவை விட்டுப் போய்விடவில்லை. சாப்பாடு போடுகிறாள், சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள், காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். மருந்துக்கடையில் இன்னும் அந்தக் குரலுக்காகக் கூட்டம் வருகிறது. நான் அவரோடு பேசுகிறேன். ஆனால் அவர் ஒன்றைச் சொன்னால், வேறு யாரிடமாவது கேட்டுக்கொண்டுதான் நம்புகிறேன். அப்பாவைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது.

கெட்ட உரத்தைச் சுரண்டி எடுத்து மதில் ஓரம் கொட்டி, புல் மட்டும் முளைக்க விட்டோம். அடுத்த இலையுதிர் காலத்தில் அம்மா தார்ப்பாயை அவிழ்த்தாள். மாமா வண்டியில் கவாத்துக் குச்சி மட்டும் கொண்டுவந்தார். புல்லுக்குப் பதில் எல்லார் சமையலறையிலிருந்தும் காய்கறித் தோல் வந்தது. குவியல் எப்போதும்போல் ஆவி விட்டது.

தொட்டிகள் மட்டும் எங்கள் ஜன்னலுக்குத் திரும்பவில்லை. மாமா வீட்டு ஜன்னலில் இருக்கின்றன. மழையானாலும் குளிரானாலும் அம்மா வேலை முடிந்து அவ்வளவு தூரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். எங்கள் ஜன்னல் திட்டில் நாலு வட்டக் கறை இருக்கிறது. அப்பா அதை அழுத்தித் துடைத்துப் பார்த்தார், போகவில்லை.

போன வாரம் அம்மா உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றியதும் அப்பா கேட்டார்: "பீன்ஸ் முளைச்சுதா?"

"தம்பிகிட்ட கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு அம்மா கை கழுவப் போனாள்.